மிச்சமிருந்த பதினோரு மாத்திரை

தென்காசி

அன்புள்ள கோமதி,

பேத்தி குப்புற விழுந்துவிட்டாள் என்று நீ எழுதியதைப் படித்துச் சந்தோஷப்படுவதற்குள், உன் மணிக்கட்டு வீங்கி அவளைத் தூக்க முடியவில்லை என்ற அடுத்த வரி வந்துவிட்டது. முடக்குவாதம் என்று சொல்லி டாக்டர் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதிக் கொடுத்தாராமே. "கொரோனா சமயத்தில் டிவியில் சொன்ன மாத்திரைதானே?" என்று கேட்டிருக்கிறாய். அதேதான். அதற்கு ஒன்பது வருடம் முன்பிருந்தே லூபஸுக்காக, உடம்பின் எதிர்ப்புச்சக்தி உடம்பையே தாக்கும் என் நோய்க்காக, நான் தினமும் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை.

2020 மார்ச் கடைசியில், மருத்துவப் பணியாளர்கள் நோய்த்தடுப்புக்கு இதைச் சாப்பிடலாம் என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். சொன்னது. அது போதும், யார் யாரோ வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டார்கள். ஊரடங்கு தொடங்கியபோது என்னிடம் இருந்தது பதினோரு மாத்திரை. எங்கள் தெரு மெடிக்கல்காரர் பதினைந்து வருடப் பழக்கம். "இல்லைம்மா" என்று சொல்லும்போது அவராலேயே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு, சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. சரியான முடிவுதான். ஆனால் சீட்டு எழுதும் என் டாக்டர் மதுரையில் இருந்தார், நடுவில் ஊர் தாண்ட அனுமதி கேட்கும் இ-பாஸ். நல்லவேளை, போனிலேயே பார்த்து மருந்து எழுத டாக்டர்களை அனுமதிக்கும் விதிமுறை அதே வாரம் வந்தது. வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினார். "பயப்படாதீங்க, இந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க" என்றார். 19ஆம் நாள் இரண்டு அட்டை கிடைத்தது. கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன், கோமதி.

அந்த நாட்களில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அது லூபஸா கொரோனாவா என்று எப்படித் தெரியும்? உடல்வலி, அசதி, காய்ச்சல், எல்லாம் இரண்டுக்கும் பொது. ராத்திரி தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

அதைவிட வலித்தது ஒரு சொல். இணை நோய். தினமும் சாயங்காலம் சுகாதாரத்துறை அறிக்கை வரும். இறந்தவரின் வயது, கூடவே அவருக்கு இருந்த நோய்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "அவருக்கு ஏற்கனவே சுகர் இருந்துச்சாம்" என்று சொல்லி நிம்மதியாக மூச்சு விடுவார். கெட்டவர் இல்லை, எனக்கு எத்தனையோ நாள் கஞ்சி கொடுத்தவர். ஆனாலும் நான் செத்தாலும் இப்படித்தான் ஒரு மூச்சு விடுவார்களோ என்று தோன்றும். எங்கள் சாவு முக்கால்வாசி ஏற்கனவே நடந்துவிட்டது போலத்தான் அந்தப் பேச்சு இருந்தது.

ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு முடிவு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு நம் மாத்திரையால் பலன் இல்லை. அதே ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. எவ்வளவு பேர் அந்த மூன்று மாதம் எங்கள் மருந்தை வீணாக விழுங்கினார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2021 மார்ச் 1ஆம் தேதி 60 வயது தாண்டியவர்களோடு, இணை நோய் உள்ள 45 வயது தாண்டியவர்களுக்கும் தடுப்பூசி தொடங்கியது. என்னைப் போல நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் பட்டியலில் இருந்தோம். எனக்கு அப்போது 48. டாக்டர் கையெழுத்திட்ட படிவத்தோடு வரிசையில் நின்றேன். அதே சொல்தான், இந்தத் தடவை என்னை முன்னால் நிறுத்தியது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, இல்லாவிட்டால் வயிற்றைப் பிரட்டும். கண் டாக்டரிடம் விழித்திரையை இப்போதே ஒருமுறை காட்டிவிடு, பிறகு அவர் சொல்லும் இடைவெளியில் விடாமல் போ. வீட்டில் எப்போதும் ஒரு மாதத்துக்கு வேண்டியது கூடுதலாக இருக்கட்டும். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

சாரல் தொடங்கியதும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வா. வெயில் எனக்கு ஆகாது என்பதால் நான் அங்கே வரத் தயங்குகிறேன். உன் கை வலித்தால் அவளை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன்,
செல்வி