எடை இல்லேன்னா சுத்துறது ஈசியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஸ்பேஸ்ல எடை கிடையாது, அதனால எவ்ளோ பெரிய பொருளையும் ஒரு விரலால சட்டுனு சுத்திடலாம், கைய எடுத்தா தானா நின்னுடும்னு ப்ளஸ் ஒன் பசங்க நிறைய பேர் நம்புறாங்க. ரெண்டுமே தப்புங்க. நிறை அப்படியேதான் இருக்கு, அது அச்சுலேர்ந்து எவ்ளோ தள்ளி இருக்குங்கறதும் மாறல, அப்போ அதே நேரத்துல அதே வேகத்துக்கு கொண்டுவர அதே டார்க் (சுத்தி விடற திருப்புவிசை) வேணும். நிறுத்தணும்னாலும் எதிர்ப்பக்கம் டார்க் குடுத்தே ஆகணும், உராய்வு வந்து உதவாது.

1966 மார்ச் 16, ஜெமினி 8ங்கற அமெரிக்க விண்கலத்துல நடந்தத பாருங்க. கலத்த திருப்பற சின்ன ராக்கெட்டு, அதாவது த்ரஸ்டர் ஒண்ணு நிக்காம எரிஞ்சுட்டே இருந்துச்சு, டார்க் கம்மிதான் ஆனா தடுக்க எதுவுமே இல்லாததால சுழற்சி ஏறிக்கிட்டே போச்சு, உள்ள இருந்த விண்வெளி வீரர்கள் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் கோளாறு கூட இணைஞ்சிருந்த அஜீனாங்கற ஆளில்லா கலத்துலதான்னு நினைச்சு அத கழட்டி விட்டாங்க, உடனே சுத்தவேண்டிய நிறை குறைஞ்சு இன்னும் வேகமாகி செகண்டுக்கு கிட்டத்தட்ட ஒரு சுத்து வரைக்கும் வந்துடுச்சு! பூமிக்கு திரும்பறதுக்குன்னு வச்சிருந்த வேற த்ரஸ்டர்கள எதிர்ப்பக்கமா எரிச்சுத்தான் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுத்தினாரு. மிஷன பாதியிலயே முடிச்சு இறங்க வேண்டியதாச்சு.

டார்க், நிலைமத் திருப்புத்திறன் (நிறையும் அது அச்சுலேர்ந்து இருக்கற தூரமும் சேர்ந்து சுழற்சி மாறறத எதிர்க்கற அளவு), கோண முடுக்கம் (சுழற்சி வேகம் மாறற வீதம்) மூணும் இந்த ஒரே சம்பவத்துல இருக்கு, வெறும் கதவையும் ஸ்பேனரையும் வச்சு சொல்லிக்குடுத்தா உராய்வு எப்பவும் கூடவே இருக்கறதால பசங்களுக்கு இது பிடிபடாது. உங்க மாணவர் பக்கத்துல இத படத்தோட போடுங்க ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியர்