முதல் நாளுக்கு முன்பே சொல்லுங்கள்

கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் கரண்ட் வைக்கிறார்கள், இன்று ஆறாவது நாள் என்றான். "விந்தணுவைச் சேமித்து வைத்தாயா?" என்று கேட்டேன். "எதுக்குண்ணே?" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல். தயவுசெய்து முதல் நாளுக்கு முன்பே சொல்லுங்கள்.

எனக்கு மலக்குடலில் கட்டி. 25 நாளில் 50 கிரே, கிரே என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அளவு. விதைப்பையை நீங்கள் குறிவைக்கவில்லைதான். ஆனால் நூற்றுக்கு நான்கு பங்கு அங்கே சிதறி விழுந்தாலே 2 கிரே ஆகிவிடுகிறது. விந்தணு அற்றுப்போய், திரும்பி வர வருடக்கணக்கில் ஆக அது போதும். 6 கிரேயைத் தாண்டினால் திரும்பாமலே போகலாம். இதெல்லாம் நீங்கள் படித்த பாடம். ஹார்மோன் சுரக்கும் செல்கள் மட்டும் கெட்டி, லேசில் சாகாது. அதனால் தாடி வளர்ந்தது, ஆசையும் இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி ஒன்றரை வருடம் என் மனைவிதான் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அலைந்தாள். கடைசியில்தான் என் கையில் டப்பாவைக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'விந்தணு இல்லை' என்றிருந்தது. அவள் அழவில்லை. பழைய ஃபைலை எடுத்து, நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தேடினாள். 'தோல் கறுக்கலாம்' என்பதற்கும் 'சோர்வு வரலாம்' என்பதற்கும் நடுவில் இருந்தது: 'குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம்.' விரலை அதன்மேல் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

கட்டி காத்திருக்காது என்பீர்கள். சரி. எங்கே கரண்ட் வைப்பது என்று உடம்பில் மையால் புள்ளி வைத்த நாளுக்கும் முதல் கரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாள் சும்மாதான் இருந்தேன். அதில் ஒரு காலைப்பொழுது போதுமே. உறைய வைத்த விந்தணுவில் 1953-லேயே கரு உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள், புது வித்தை ஒன்றும் இல்லை.

உங்கள் அறைக் கதவில் 'கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 25 நாளும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆண்களுக்கு ஒரு வரி எழுதக் கதவில் இடமா இல்லை? செல்போனை பேன்ட் பாக்கெட்டில் வைக்காதே என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் புத்தி சொல்கிறார்கள். 50 கிரே கொடுப்பவர்கள்தான் வாயைத் திறப்பதில்லை.

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது. உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவதே உங்களால்தான். கேட்பது இவ்வளவுதான்: மை வைக்கும் அன்றே, படிவத்தை நீட்டும் முன், வாயால் சொல்லுங்கள். கல்யாணமாகாத பையன் என்றால், கூட வந்த அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். எங்கே போய்ச் சேமிப்பது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பையனுக்கு ஆறு நாள் முடிந்துவிட்டது. இனி எடுத்தால் அந்த விந்தணுவை நம்ப முடியாது என்று நீங்களே சொல்வீர்கள். அவனுக்கு அடுத்து வருகிறவனிடமாவது முதல் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி