சக்கரத்தை உலர்த்தும் வெப்பம் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் தை செங் வட்டாரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைக் கவனிக்கிறேன். அண்மையில் ஒரு நிறுவனத்தினர் வந்து, கம்ப்ரசரே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிவிட்டுத் தண்ணீராலேயே குளிரூட்டலாம், மின்கட்டணமும் குறையும் என்றார்கள். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. இப்போதைய ஏர்கான், ஈரத்தை நீக்குவதற்காகவே காற்றை 12, 13 டிகிரி வரை குளிர்விக்கிறது. அதனால்தான் அலுவலகங்களில் பலர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். ஈரத்தைத் தனியாக எடுத்துவிட்டால் 25 டிகிரியிலேயே நிம்மதியாக உட்காரலாம்.

ஆனால் நம் ஊரின் ஈரக் காற்று ராஜஸ்தானின் வறண்ட காற்று அல்ல. இங்கே தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் வெறும் ஏர்கூலர் வைத்தால் அறை புழுங்கும். அதனால் முதலில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பூசிய சுழலும் சக்கரத்தின் வழியாகக் காற்றை அனுப்புகிறார்கள். ஈரம் போகும், கூடவே காற்று சூடாகும். அந்தச் சூட்டை ஆற்றிய பிறகே தண்ணீரால் குளிர்விக்க முடியும். ஈரம் குடித்த சக்கரத்தையோ சுமார் 60 முதல் 80 டிகிரி சூடான காற்றால் ஓயாமல் உலர்த்த வேண்டும்.

எங்களுக்குக் காட்டிய திட்டத்தில் அந்த வேலைக்கு மின்சார ஹீட்டர் போட்டிருந்தார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. சக்கரத்திலிருந்து 1 லிட்டர் ஈரத்தை விரட்டக் குறைந்தது 0.7 கிலோவாட் மணி வெப்பம் தேவை. அதே 1 லிட்டரைக் குளிரவைத்து வடிக்க, நல்ல சில்லருக்கு (கட்டடம் முழுவதற்கும் குளிர்நீர் தரும் இயந்திரம்) ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அப்புறம் எப்படிக் கட்டணம் குறையும்? கூரையில் சூரிய வெப்பத்தால் சுடவைத்த நீரோ, வேறு இயந்திரம் வீணாக வெளியேற்றும் வெப்பமோ கிடைத்தால்தான் இந்தச் சக்கரம் லாபம்.

வேறு வழியும் இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல், ஈரத்தைச் சவ்வால் பிரித்துத் தண்ணீரால் 18 டிகிரி வரை குளிர்விக்கும் கருவியை அறிவித்தார்கள். மின்சாரம் 40 விழுக்காடு மிச்சமாகும் என்றும் சொன்னார்கள்.

இத்தகைய கருவிகள் ஓடும் அலுவலகங்களின் ஓராண்டு மின், நீர் அளவீடுகளைக் கட்டட, கட்டுமான ஆணையம் பொதுவில் வெளியிட வேண்டும். டிசம்பர் மழைக்கால அளவுகள் அதில் கட்டாயம் இருக்கட்டும். விற்பவர் தரும் தாளை மட்டும் நம்பி எங்களைப் போன்றவர்கள் கையெழுத்துப் போட முடியாது.

கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
ஈசூன்