வாசலில் நாயைக் கட்டிவைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். குளிர்காலத்தில் நாயை வீட்டுக்கு வெளியே படுக்க வைப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அதற்குத்தான் உடம்பெல்லாம் முடி இருக்கிறதே, குளிர் என்ன செய்துவிடும்?" இதே பதிலைப் பல ஆண்டுகள் நானும் சொல்லிக்கொண்டிருந்தவன். எனவே உங்களைக் குற்றம் சாட்ட எனக்குத் தகுதி இல்லை. நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் நாய்க்கு அப்போது பதின்மூன்று வயது. கொல்லைப்புறத்தில் அதற்கென்று ஒரு கூடு இருந்தது. உள்ளே பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போட்டிருந்தேன். மாலையில் பெய்த தூறலில் கூட்டின் முன்பக்கம் நனைந்ததை நான் கவனிக்கவில்லை. முன்னிரவில் அது நடுங்கியதைப் பார்த்தேன். விடியுமுன் மறுபடி எட்டிப் பார்த்தபோது நடுக்கம் நின்றிருந்தது. குளிர் பழகிவிட்டது, தூங்குகிறது என்று எண்ணிக்கொண்டு திரும்பவிருந்தவன், ஏதோ நினைவில் அதன் காதைத் தொட்டேன். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. பெயர் சொல்லி அழைத்தும் தலை தூக்கவில்லை. கால்நடை மருத்துவரின் வெப்பமானி 34 டிகிரி செல்சியஸ் காட்டியது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 டிகிரிக்கும் சற்று மேல் என்பதை அன்றுதான் அறிந்தேன். நடுக்கம் என்பது உடல் தனக்குத்தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் முயற்சி. உடல்வெப்பம் மிகவும் தாழ்ந்துவிட்டால் அந்த முயற்சியும் ஓய்ந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். நான் நிம்மதி அடைந்த அந்த நொடிதான் உண்மையில் அபாயத்தின் நொடி. நல்லவேளையாக அது பிழைத்துக்கொண்டது.

முடியைப் பற்றிச் சொல்கிறேன். உரோமம் தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. நனைந்தால் அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துவது. மேலும், ஹஸ்கி போன்ற இனங்களுக்கு அடர்ந்த உள்முடியும் அதன்மேல் நீண்ட வெளிமுடியுமாக இரண்டு அடுக்குகள் உண்டு. கிரேஹவுண்டு போன்றவற்றுக்கோ குட்டை முடி ஒரே அடுக்கு. தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. இரண்டையும் "நாய்" என்ற ஒரே சொல்லில் அடக்கி ஒரே வாசலில் கட்டுவது எப்படிச் சரியாகும்? குட்டிகள், கிழடுகள், சின்னஞ்சிறு உடல்வாகு கொண்டவை, தைராய்டு குறைபாடு உள்ளவை ஆகியவற்றைக் கடுங்குளிரில் வெளியே விடுவதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதன்று என்பதே என் கருத்து.

வேறு வழியே இல்லாமல் நாய் வெளியில்தான் இருக்க வேண்டுமென்றால், கூட்டையாவது ஒழுங்காக அமையுங்கள். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய கூடு வாங்கிப் பெருமைப்பட்டவன் நான்; அந்தத் தாராளம்தான் தவறு. உள்ளே உள்ள காற்றை நாயின் உடற்சூடுதான் வெதுவெதுப்பாக்க வேண்டும் என்பதால், அது எழுந்து நின்று திரும்பிச் சுருண்டு படுக்கும் அளவே போதும். தரையின் குளிர் ஏறாதபடி அடிப்பலகை சில அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கூட்டின் நுழைவாயில், காற்று வரும் பக்கத்தைப் பார்க்காமல் அதற்கு மறுபுறம் பார்த்திருப்பதோடு, கனமான திரையொன்றும் தொங்க வேண்டும். கம்பளிக்குப் பதிலாக உலர்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். கம்பளி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வைக்கோலுக்குள் நாய் தன்னைப் புதைத்துக்கொள்ள முடியும், நனைந்தால் அள்ளிக் கொட்டிவிட்டு வேறு போடவும் எளிது. சூடேற்றும் மின்விரிப்பைக் கூட்டுக்குள் நேரடியாக விரிப்பதை நான் விரும்பவில்லை. எழுந்து விலக முடியாத கிழநாய்க்கு அது தீக்காயத்தையும், கடிக்கும் பழக்கமுள்ள குட்டிக்கு மின்னதிர்ச்சியையும் தரக்கூடும்.

பாதம் மட்டும் ஒரு வியப்பு. நாயின் பாதத்தில் தமனிகளும் சிரைகளும் நெருங்கிப் பின்னியிருப்பதால், உள்ளிருந்து வரும் சூடான இரத்தம் திரும்பிச் செல்லும் குளிர்ந்த இரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் கண்டறிந்தனர். ஆனால் இந்த ஏற்பாடு உப்பைத் தடுக்காது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு பாதத்தை அரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஆகவே நடைக்குப் பின் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தரையில் சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும். சிறிதளவே சிறுநீரகத்தை அழிக்கப் போதும். நக்கிவிட்டதென்று ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வெளியில் வாழும் நாய்க்குக் குளிர்காலத்தில் கூடுதல் உணவு தேவை; தண்ணீர் உறைந்திருக்கிறதா என்று நாளுக்குச் சில முறை பாருங்கள். உடல் சில்லிட்டுச் சோர்ந்திருந்தால், உலர்ந்த துணியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வயிற்றோரம் வைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வெளிறிப்போன காது நுனியையோ வால் நுனியையோ சூடேறட்டும் என்று தேய்க்க வேண்டாம். உறைந்த தசை அதில் மேலும் சிதையும்.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஒருமுறை வெளியே சென்று, கூட்டுக்குள் கையை விட்டு, நாய் படுத்திருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ, நாய் நடுங்கினாலோ, கதவைத் திறந்து உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். சமையலறையின் ஒரு மூலை அதற்குப் போதும்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே நாய் வளர்க்கும் ஒருவன்