பிரைமர் இறங்காவிட்டால் பலம் காட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் மறுபடி வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்தும் அமெரிக்கப் பொழுதுபோக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிறவன் என்பதால் ஆர்வமாகத்தான் ஆரம்பித்தேன். ராணுவ உறைகளில் புதுப் பிரைமர் (உறையின் அடிக்குழியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இறங்க மறுத்தால் கருவியின் கைப்பிடியைச் சற்றுப் பலமாக அழுத்த வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் திக்கென்றது. அடி விழுந்தால் வெடிக்க வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள் பிரைமர். அதைப் போய் நெருக்கச் சொல்லலாமா?

அது ஏன் இறங்க மறுக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. சுடும்போது பிரைமர் பின்னால் நழுவி வெளியே வந்தால் துப்பாக்கியின் உள்ளே விழுந்து இயக்கத்தையே நிறுத்திவிடும். சண்டை நடுவில் அப்படி ஆகக் கூடாதே! அதனால் பிரைமரைப் பொருத்திய கையோடு, குழியின் விளிம்புப் பித்தளையைச் சற்று உள்பக்கமாக நசுக்கிவிடுகிறார்கள். இதுதான் கிரிம்ப். மிசௌரியில் உள்ள லேக் சிட்டி ஆலையின் 5.56 மி.மீ. ரக ராணுவ உறையைத் திருப்பிப் பாருங்கள். ‘எல்சி’ என்ற எழுத்துகள், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், பிரைமரைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். வேறு சில உறைகளில் வளையத்துக்குப் பதில், உளியால் குத்தினாற்போல் மூன்று நான்கு தழும்புகள் இருக்கும்.

பழைய பிரைமரைத் தள்ளி எடுத்த பிறகும் அந்த விளிம்பு அப்படியே நிற்கும். புதியது அதில் இடித்து நசுங்கும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். துருத்திக்கொண்டிருக்கும் பிரைமரோடு ஏஆர்-15 போன்ற துப்பாக்கியில் ஏற்றினால், விசையைத் தொடாமலேயே, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) மூடும் வேகத்தில் வெடித்துவிடக்கூடும்.

கிரிம்பை நீக்க இரண்டு வழி. ஒன்று, எஃகுக் கம்பியை அழுத்தி விளிம்பைப் பின்னுக்குத் தள்ளும் சுவேஜிங். மற்றது ரீமர் என்ற சுழலும் வெட்டுக் கருவியால் சீவி எடுப்பது. என் ஓட்டு சுவேஜிங்குக்குத்தான். அந்தக் கருவியை உறையின் அடிப்பாகத் தடிமனுக்கேற்பச் சரிசெய்ய வேண்டும்; தடிமன் ஆலைக்கு ஆலை மாறுவதால் முதலில் வகை பிரித்துக்கொள்ள வேண்டும், சலிப்பான வேலைதான். ஆனால் ரீமரை டிரில்லில் மாட்டி அவசரமாகச் சீவுகிறவர்கள் குழியையே அகலமாக்கிவிடுகிறார்கள். பிரைமர் பிடிமானமில்லாமல் தளர்வாக உட்காரும் உறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எந்த வழியானாலும் ஓர் உறைக்கு ஒரு தடவை செய்தால் போதும். அப்புறம் பிரைமரைப் பொருத்திவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். உறையின் அடிமட்டத்துக்கு ஒரு துளி கீழே இருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் உட்காரவே கூடாது.

இன்னொன்று. உறைக்குள் எட்டிப் பார்த்து, பாக்ஸர் வகைக்குரிய ஒற்றை நடுத்துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை. பழைய பிரைமரைத் தள்ளும் வழக்கமான கருவியின் ஊசி அதில் உடைந்துபோகும். (இவற்றை உருவாக்கியவர்களில் பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் புழங்குவதோ பாக்ஸர் வகை!)

கட்டுரையின் மற்ற பகுதிகளில் எனக்குக் குறையில்லை. அந்த ஓர் ஆலோசனைக்கு மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்