யுத்த காலத்தில் மில் வேலை பார்த்த பெண்களின் பதிவேடுகளைக் காப்பாற்றக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: இரண்டாம் உலகப் போர்க் காலத்து மில் பதிவேடுகளும் கணக்கு நோட்டுகளும் எடைக்குப் போவதற்கு முன் அரசு அவற்றை எடுத்துக்கொள்ளக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்முச்சி (அம்மாவின் அம்மா) பிறந்த வீட்டுக்குச் சொந்தமான பழைய நூல் மில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இடத்தை விற்றாகிவிட்டது, கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஆபீஸ் அறையில் அடுக்கியிருக்கும் பேரேடுகளையும் ஆள் பதிவேடுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போடப் பேசி முடித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரே ஒரு சிட்டக் கணக்கு நோட்டை (அன்றன்று சுற்றிய நூல் சிட்டங்களை எண்ணி எழுதியது) மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மீதியை அரசு காப்பாற்ற வேண்டும்.

அந்த நோட்டு முழுக்க அம்முச்சியின் கையெழுத்து. 1942-ல் அவருக்குப் பதினாறு வயது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு ஊரைச் சுற்றி மில்கள் முளைத்தபோது அவருடைய அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்து தொடங்கிய சின்ன மில் அது. கணக்குப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விட, எட்டாவது வரை படித்த பெண் வீட்டில் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று இவரை நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பது பேச்சுக்குத்தான், ஆள் குறைந்த நாளெல்லாம் அவரும் மிஷினில் நின்றிருக்கிறார்.

ரீலிங் வேலை எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கதிரிலிருந்து வரும் நூலை 54 அங்குலச் சுற்றளவுள்ள சட்டத்தில் சுற்ற வேண்டும். 80 சுற்று ஆனால் 120 கஜம், அப்படி ஏழு பிரிவு சேர்ந்தால் 840 கஜம், அதுதான் ஒரு சிட்டம். அறுந்த இழையை உடனே முடிய வேண்டும், பிரிவுகள் கலந்துவிடாமல் குறுக்கே கயிறு கட்ட வேண்டும். இருபதாம் நம்பர் நூல் (பவுண்டுக்கு 20 சிட்டம் வருவது) என்றால் பத்து பவுண்டு கட்டு ஒன்றுக்கு இப்படி 200 சிட்டம். இழையைப் பிடித்துப் பிடித்து அவருடைய இடது ஆள்காட்டி விரலில் விழுந்த கோடு கடைசிவரை மறையவில்லை, நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

1934-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பெண்களைக் காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பிறகும் வேலையில் வைக்கக் கூடாது. மற்ற பெண்கள் ஏழு மணிச் சங்குக்குக் கிளம்பிவிடுவார்கள். அம்முச்சி மட்டும் அன்றைய சிட்டத்தை எண்ணி, எடை போட்டு, கட்டு கட்டி, நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார், ஏனென்றால் அவர் வீட்டுப் பிள்ளை, ஆள் பதிவேட்டில் அவர் பெயரே கிடையாது. பெயர் இல்லாததால் கூலியும் இல்லை, சட்டம் சொன்ன நேரக் கணக்கும் அவருக்கு இல்லை. யுத்தம் முடியும்வரை இப்படித்தான் நடந்திருக்கிறது. அன்றைய வழக்கம் அது என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள், எனக்கு மனம் ஆறவில்லை.

பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. பெரிய மில்களின் தறிகள் பட்டாளத் துணிக்கு ஓட, கைத்தறிக்காரர்களுக்கு நூல் கிடைக்கவில்லை. 1943-ல் துணிக்கும் நூலுக்கும் அரசு விலை நிர்ணயித்த பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. நெசவாளிகள் விடிகாலையிலேயே மில் கேட்டுக்கு வந்து நிற்பார்களாம். யாருக்கு எத்தனை கட்டு போனது, யார் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதைக்கூட இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அரசாங்கக் கோப்பில் இதெல்லாம் இருக்காது.

சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் மில் தொழிலாளிகள், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர்கள். அவர்கள் பெயரை இந்த ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதே காலத்தில் அதே மில்களில் நின்ற பெண்கள் எத்தனை பேர், என்ன கூலி வாங்கினார்கள் என்று தேடினால் இந்த மாதிரிப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும், அவை ஒவ்வொன்றாக எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எனவே, எங்கள் மில்லில் இருக்கும் பதிவேடுகளை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பார்வையிட்டு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இதே போல மூடிய மற்ற மில்களின் விவரத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையிடம் கேட்டுப் பெற்று, இடிப்பதற்கு முன் பதிவேடுகளை ஒப்படைக்கும்படி உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தினால் பெரிய உதவியாக இருக்கும். அப்புறம் இன்னொன்று: அம்முச்சி போலப் பதிவேட்டில் ஏறாமல் குடும்ப மில்லில் உழைத்த பெண்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சொல்வதையும் எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ வாங்கி அதே கோப்பில் சேர்க்க வேண்டும். காகிதத்தை மட்டும் எடுத்தால் இவர்கள் மறுபடியும் விட்டுப்போவார்கள்.

இடிக்கும் வேலை அடுத்த மாதம் தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் ஒரு அலுவலரை அனுப்பினால் போதும், சாவி வைத்திருக்கும் மாமாவிடம் பேசிக் கதவைத் திறந்து வைப்பது என் பொறுப்பு.

இணைப்பு: சிட்டக் கணக்கு நோட்டின் நகல்.

இப்படிக்கு,
மனுதாரர்