ஞாயிறு மதியம் அந்த அறையைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய பேரூராட்சி செயல் அலுவலர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், காவல் ஆய்வாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஞாயிறுதோறும் நாங்கள் கூடிச் சீட்டும் காரமும் ஆடிவந்த சமுதாயக்கூடத்தின் பின் அறைக்கு, போலீஸ் வந்துபோன பிறகு பூட்டுப் போட்டது எதற்காக, எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. மனு கொடுத்தோம், ‘பார்க்கலாம்’ என்றீர்கள். மறுபடி வந்தோம், ‘ஸ்டேஷனில் கேளுங்கள்’ என்றீர்கள். ஸ்டேஷனில் போய் நின்றால் ‘அது பேரூராட்சிக் கட்டடம், அங்கே கேளுங்கள்’ என்கிறார்கள். அதனால்தான் இரண்டு இடத்துக்கும் சேர்த்து, ஊரே படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: ஞாயிறு மதியம் அந்த அறையைத் திறந்துவிடுங்கள்.

‘சீட்டாட்டம் நடக்கிறது’ என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். புகார் வந்தால் போலீஸ் வரத்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் கண்ணால் பார்த்ததை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அம்பத்தாறு என்கிற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் காதில் துணி காயப்போடுகிற கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. செங்கோட்டை வட்டாரத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது குணுக்கு. தோற்ற அணி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், ஜெயித்தால் கழற்றலாம். எங்கள் ஆட்டத்தில் உள்ள பந்தயம் அவ்வளவுதான். மேஜையில் ஒரு ரூபாய் கிடையாது. சட்டைப்பையில் இருந்த பஸ் காசை எடுக்கச் சொல்லி எண்ணினார்கள். அடுத்த மேஜையில் சின்னப் பிள்ளைகள் வைத்திருந்த பிசினஸ் போர்டின் விளையாட்டு நோட்டுகளையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னால் பெரியவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் எழுதியது இன்னும் எனக்கு ஆறவில்லை.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1930-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பிடிப்பது பணம் வைத்து ஆடுகிறவர்களை. செகந்திராபாத்தில் ஒரு கிளப் மேல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது: ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடுகிற ஆட்டம், விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசித்து ஆடவேண்டியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம்கூட, பணம் கட்டி ஆடுவதைத்தான் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடுகிற வீடியோ ஆட்டங்களை, தனியாகப் பிரித்து ஊக்குவிக்கத்தான் சொல்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் இரட்டையரில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. பிரிட்ஜும் சீட்டாட்டம்தான் சார். அதிலும் ஏலம் உண்டு, துருப்பு உண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை உண்டு.

அந்த அறையில் என்ன நடந்தது என்று நீங்கள் ஒருநாளாவது வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். 1956 நவம்பர் வரை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர்ப்பக்கம் இது, இங்கே இருபத்தெட்டும் அம்பத்தாறும் வீட்டுக்கு வீடு தெரியும். இரண்டு கட்டுச் சீட்டில் ஒன்பதுக்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு 48 சீட்டு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றும் இல்லை. கூட்டினால் 56. ஒரே சீட்டு இரண்டு இருப்பதால் முதலில் போட்டவருக்குத்தான் பிடி. இது புரியவே புதியவர்களுக்கு ஒரு மாதம் ஆகும். ‘இருபத்தெட்டில் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவனைத் திணறவைக்கிற சுகம் இதில் வருமா’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். ‘இதில் ஏலம் கேட்கிற விதத்திலேயே கையில் ஆட்டின் சீட்டு இருக்கிறதா கிளாவர் சீட்டு இருக்கிறதா என்று பார்ட்னருக்குச் சொல்லிவிடலாமே, அதற்கு எது ஈடு’ என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி பதில் சொல்வார். அந்த வாக்குவாதம் முடிந்ததே இல்லை.

பொடியன்கள் பக்கம் கேட்டன் என்கிற போர்டு ஆட்டம் ஓடும். ஜெர்மனியில் 1995-ல் வந்த ஆட்டம், பெங்களூரில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான். ‘ரெண்டு செங்கல் தாரேன், ஒரு கோதுமை கொடு’ என்று சந்தை மாதிரி சத்தம் கேட்கும். பகடையில் ஏழு விழுந்தால் எல்லோரும் தலையில் கை வைப்பார்கள். மூலையில் பழைய டிவியில் பிளேஸ்டேஷன் கால்பந்து, இரண்டு பேர் ஆட நான்கு பேர் நின்று திட்டம் சொல்வார்கள். காரம் போர்டும் ஆடுபுலி ஆட்டமும் எப்போதும் உண்டு. உள்ளே வந்தால் போனை ஜன்னல் திண்டில் வைத்துவிட வேண்டும், அது பையன்களே போட்ட சட்டம். வீட்டில் சாப்பிடும்போதுகூட போனைக் கீழே வைக்காத பையன்கள் சார் அவர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பூட்டுப் போட்ட பிறகு ஆண்களுக்கு இடம்தான் மாறியது. பெரியவர்கள் டீக்கடைக்குப் பின்னால் பெஞ்சு போட்டுக்கொண்டார்கள், பையன்கள் கால்வாய்ப் பாலத்துச் சுவரில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஆட்டமே நின்றுபோனது. அவர்கள் வந்ததற்குக் காரணமே அந்த அறைதான். பேரூராட்சிக் கட்டடம், பக்கத்தில் நூலகம், கதவு எப்போதும் திறந்திருக்கும், என்னைப் போல நாலு பெண்கள் உள்ளே இருப்போம். எங்கள் காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது பல்லாங்குழியும் தாயமும், அதுவும் வீட்டுத் திண்ணையோடு சரி. நான் அம்பத்தாறு கற்றுக்கொண்டது அந்த அறையில்தான், பேரப்பிள்ளை எடுத்த வயதில்.

கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் வருவாள். அவள் அம்மாவுக்குப் பிறந்த ஊர் கேரளாவில் புனலூர்ப் பக்கம், ஆட்டம் ரத்தத்திலேயே இருக்கிறது. கையில் எட்டுச் சீட்டை விரித்து ஒரு பார்வை பார்ப்பாள், உடனே மடக்கி மேஜையில் கவிழ்த்துவிடுவாள். அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டாள், பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் முகத்தைத்தான். அண்ணாச்சி அவள் தன் அணியில் இல்லையென்றால் உட்காரவே மாட்டேன் என்பார். வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை என்று அவள் அம்மாவே சொல்வாள், இங்கே ஐந்து பெரியவர்களுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏலத்தை ஏற்றுவாள். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ‘எடம் இருந்தா அனுப்புதேன்க்கா, டீக்கடைக்குப் பின்னாடி எப்படிக்கா அனுப்ப?’ என்றாள். எனக்குப் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை அங்கே அனுப்புவீர்களா?

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த காரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா 3 தங்கம் வாங்கினாள், அதையும் கொண்டாடினோம். நம் ஊரில் ஒரு பெண்பிள்ளை காரம் காயை அடித்துப் பழக எங்கே போவாள்? இருந்த ஒரே அறையைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஊரில் சூதாட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குள் போனால் லாட்டரி அரசே விற்கிறது, அது அவர்கள் சட்டம். இந்தப் பக்கம் 2003-லிருந்து தடை. ஆனாலும் துண்டுத்தாளில் மூன்று நம்பர் எழுதிக் கொடுத்துக் கூலிக்காரர்களின் அன்றாடக் காசைப் பிடுங்குகிறவர்கள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவுக்கே தெரியும். போனில் ரம்மி ஆடிச் சங்கிலியை அடகு வைத்த வீடுகள் என் தெருவிலேயே உண்டு. மதுக்கடை ஞாயிறும் 12 மணிக்குத் திறக்கிறது. அங்கெல்லாம் போகாமல் இருந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கதவை அடைத்திருக்கிறீர்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஞாயிறு மதியம் 2 மணியிலிருந்து 6 மணி வரை அறையைத் திறந்துவிடுங்கள். சாவிக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன். பணம் வைத்து ஆடக்கூடாது என்று சுவரில் எழுதி வையுங்கள், எங்களுக்கும் அதுதான் வேண்டும். கரண்டுக்கு ஒரு தொகை கட்டச் சொன்னால் கட்டுகிறோம். காவலர்கள் எந்த நேரமும் உள்ளே வரலாம், ஒரு கை குறைந்தால் உட்காரவும் செய்யலாம். எடுத்துப்போன சீட்டுக்கட்டுகளையும் கேட்டன் பெட்டியையும் பிள்ளைகளின் பிசினஸ் போர்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திறக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், அதை வைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

வருகிற ஞாயிறு 2 மணிக்குக் கூடத்து வாசலில் இருப்போம். சாவியோடு ஒருவரை அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு ஆட்டக்காரர்கள் சார்பில்
உங்கள் ஊர்க்காரி ஒருத்தி